வெண்டல் எழுதாத பரீட்சை

"எழுதித்தான் ஆகணுமா?" என்று வெண்டல் மறுபடியும் கேட்டான்.

அவன் அம்மா ரோசலின் ஓவனிலிருந்து ஹாட்டிஷ் என்கிற கறியும் உருளைக்கிழங்கும் வெந்த தட்டை இறக்கிக்கொண்டே, "எழுதினா என்ன, தேய்ஞ்சா போயிடுவே?" என்றாள்.

வியாழக்கிழமை இயற்பியல் ஏ.பி. பரீட்சை. கல்லூரிப் பாடத்தைப் பள்ளிக்கூடத்திலேயே எழுதித் தள்ளிவிடுகிற ஏற்பாடு. ஆனால் வெண்டலுக்குத்தான் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டதே! மே முதல் தேதி கல்லூரிப் பெயர் போட்ட சட்டையை மாட்டியவன் அப்புறம் அதைக் கழற்றவேயில்லை. துவைக்கவும் கொடுக்கவில்லை. படித்து முடித்து ஓய்வும் பெற்றுவிட்டவனைப்போல, மிஸ்டர் ஓல்சனின் இயற்பியல் வகுப்பில் தினமும் நிம்மதியாகக் குறட்டை விட்டான்.

அவன் மனசெல்லாம் மாதக் கடைசி வெள்ளிக்கிழமையில் இருந்தது. அன்று கடைசி வருஷத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஏரிக்குப் போகிறார்கள். இத்தனை வருஷமாக அவன் பேசத் துணியாத ஜூனிபர், தன் படகில் அவனுக்கு இடம் வைத்திருப்பதாகத் தானாகவே வந்து சொல்லியிருந்தாள். இதற்குமேல் இயற்பியலாவது ஒன்றாவது!

"அந்தக் காலேஜ்ல ஏ.பி. மார்க்கை எடுத்துக்கவே மாட்டாங்களாம்மா" என்று அடித்துவிட்டான்.

ரோசலின் உடனே கல்லூரிக்கே போன் போட்டாள். எடுத்துக்கொள்வார்களாம், நல்ல மார்க் வந்தால் அங்கே ஒரு பாடமே மிச்சமாம். போனில் பேசிய பெண் வாழ்த்து வேறு சொன்னாள்.

வியாழன் காலையில் வெண்டல் இருமினான். நன்றாகவே இருமினான், நாடகக் குழுவில் சேர்த்திருக்கலாம். ரோசலினும் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று பள்ளிக்குச் சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடமோ கருணைக்கடல். மறுநாளே கூப்பிட்டுச் சொன்னார்கள்: "கவலையே படாதீங்க. உங்க பையனுக்கு மட்டும் தனியா பரீட்சை வைக்கிறோம். மாசக் கடைசி வெள்ளிக்கிழமை."

வெண்டலுக்கு நிஜமாகவே காய்ச்சல் வரும்போலிருந்தது.

"அம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும். எனக்கு அந்தப் பரீட்சையே வேணாம்னு எழுதிக் குடுத்துடு."

"அப்போ இருமல்?"

"அது... சும்மா."

"தெரியும். இருமறவன் அத்தனை பேன்கேக் தின்னமாட்டான்."

"கோடை முழுக்க நானே புல் வெட்டறேன். கராஜைக் கழுவறேன். ஹில்டா அத்தையோட பூனைங்களைக்கூடக் குளிப்பாட்டறேம்மா!"

பூனைகள் என்றதும் ரோசலின் பேனாவை எடுத்தாள்.

திங்கட்கிழமை பள்ளி அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, அவன் நடை போரில் ஜெயித்து வந்தவன் நடையாக இருந்தது. செயலாளர் மிசஸ் பெட்டிட் கடிதத்தை வாங்கிப் படித்தாள்.

"சரி தம்பி, ஏ.பி.லேர்ந்து உன் பேரை எடுத்தாச்சு. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை காலையில ஓல்சன் சார் ரூமுக்கு வந்துடு."

"எதுக்கு?"

"ஸ்கூல் இறுதிப் பரீட்சைக்கு. ஏ.பி.க்கு வந்தவங்களுக்குத்தான் அது கிடையாது. அதை எழுதாம உனக்கு ஸ்கூல் முடிச்ச சர்டிபிகேட்டும் கிடையாது."

"ஏரிக்கு பஸ் கிளம்பறதே அப்பத்தானே!" வெண்டலுக்கு அழுகை முட்டியது. ஜூனிபரின் படகில் வேறு எவனோ ஏறி உட்காருவது கண்ணுக்குத் தெரிந்தது. "மத்தவங்கல்லாம் அப்படியென்ன படிச்சுக் கிழிச்சாங்க?"

மிசஸ் பெட்டிட் மூக்குக் கண்ணாடியை இறக்கி அவன் சட்டையை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு படிச்சா? வந்து உக்காந்தாலே போதும்னு ஓல்சன் சார் தினமும் வகுப்புல சொன்னாரே. அவங்க வகுப்புல முழிச்சிருந்து அதைக் கேட்டுட்டு, பரீட்சையில பேரை எழுதிட்டுத் தூங்கினாங்க. நீ வகுப்புலயே தூங்கிட்டியேப்பா!"