மீற்றர் போட்ட பிழை

இத்தாலியின் பலேர்மோவில் மின்சாரக் கொம்பனிகள் யாராவது ஒரு மனிதனுக்குப் பயந்து கிடந்தன என்றால் அது எங்கள் மீற்றருக்குத்தான். அவர் தொலைபேசி எடுக்கிறார் என்று தெரிந்தால் அந்தப் பக்கத்தில் பதில் சொல்லும் சிஞ்ஞோரினாக்கள் எல்லோரும் ஒன்றாய்க் கோப்பி குடிக்க எழும்பிவிடுவார்களாம்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். அப்படியிருந்தும் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை போட்டு நிமிர்ந்து நிற்கிறேன். யாரிடமும் யோசனை கேட்டு நான் முன்னுக்கு வரவில்லை. மீற்றரிடம் மட்டும் கேட்டிருக்கிறேன்.

அவர் எங்கள் கட்டடத்து மேல்மாடிக்காரர். ஹோட்டலில் பாத்திரம் கழுவினார். மனைவிக்கு நுரையீரலில் வருத்தம். ஆஸ்பத்திரி கொடுத்த ஒட்சிசன் மெசின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க இரைந்துகொண்டிருக்கும். அது நின்றால் அவவுக்கு மூச்சில்லை. கரண்ட் பில்லோ வாடகையை எட்டிப் பிடித்தது. மலிவான கொம்பனிக்கு மாறத்தான் வேண்டும். மாறி ஏமாந்தால் மெசின் ஓட வழியில்லை. மனிதன் கரண்ட் கணக்குப் பார்த்துப் பார்த்து மீற்றர் என்று பேர் வாங்கினது அதனால்தான்.

விலை ஒப்பிட்டுக் காட்டும் இணையத்தளங்களில் நாங்கள் மேலே முதலாவதாக நிற்பதை அழுத்துவோம். மீற்றர் ஒரே வீட்டை மூன்று தளங்களில் போட்டுப் பார்ப்பார். மூன்றும் மூன்று விலை சொல்லும். பிறகு கொம்பனிக்கே போன் எடுத்துக் குடைவார்: இது வரியோடு சேர்த்தோ? எத்தனை மாதத்துக்கு? அதற்குப் பிறகு என்ன விலை? கடைசிக் கேள்வி மட்டும் மாறாது. மாறுகிற அன்றைக்குக் கரண்ட் நிற்குமா? நிற்காது என்று சொன்னாலும் விடார். மேலதிகாரியைக் கூப்பிடு என்பார்.

"அண்ணை, இவர் என்னைக் கட்டேக்கையும் மூண்டு இடத்திலை விசாரிச்சவர்," என்று மூக்கில் குழாயோடு சிரிப்பார் மனைவி.

"மூண்டு இடமும் ஒரே பதில் சொன்னது அந்த ஒருக்கால்தான்," என்பார் மீற்றர்.

ஒருமுறை அங்கே போன இடத்தில் என் போனைச் சார்ஜில் போட்டேன். மனிதன் பாய்ந்து வந்து பிடுங்கினார். "ஏன் அண்ணை, உங்கடை வீட்டிலை கரண்ட் இல்லையோ?"

நான் ரோசக்காரன். அவரிடம் கேட்காமலே கொம்பனி மாறினேன். வந்த பில் வீங்கிப்போய் வந்தது. தூக்கிக்கொண்டு மேலே ஏறினேன்.

"உங்கடை ரெசிடென்சா, வதிவிடம், எங்கை பதிஞ்சு கிடக்கு?"

"லிபெர்த்தா றோட்டிலை. மனிசி வேலை செய்யிற சிஞ்ஞோரா வீட்டிலை. பெர்மெஸோ விசாவுக்காகப் பதிஞ்சது."

"சைற்றிலை என்ன போட்டனீங்கள்?"

"இஞ்சை இருக்கிறன் எண்டு. இஞ்சைதானே ஐசே நித்திரை கொள்ளுறன்!"

"கொம்பனிக்கு நீங்கள் லிபெர்த்தாவிலை நித்திரை கொள்ளுற ஆள். இஞ்சை வெறும் விருந்தாளி. விருந்தாளிக்கு விலை கூட." பில்லை மடித்துத் தந்தார். "பிழையாய் விபரம் குடுத்தால் அதுவும் பிழையாய்த்தான் விலை சொல்லும், அண்ணை."

எங்கள் தமிழாட்களில் பாதிப்பேருக்கு நித்திரை ஓரிடம், பதிவு ஓரிடம். கதை பரவி, பகேரியாவிலிருந்துகூட ரயிலேறி வந்து மீற்றரிடம் காட்டிய பிறகுதான் கொம்பனி மாறினார்கள்.

அவர் வீட்டுக்குத்தான் எந்தத் தளமும் சரியான விலை சொல்லவில்லை. "பிரிட்ஜ் இருக்கோ, ஏசி இருக்கோ எண்டு கேக்கிறாங்கள். மூச்சு விடுற மெசின் இருக்கோ எண்டு ஒருத்தனும் கேக்கிறானில்லை." மெசின் இழுக்கும் கரண்டைத் தானே பார்த்துக் கூட்டி, ஒருவழியாக ஒரு கொம்பனியைத் தெரிந்தெடுத்தார். மாறுகிற அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டார். கீழ்வாசலில், கட்டடத்துக் கரண்ட் மீற்றர் பெட்டிக்கு முன்னால், கதிரை போட்டுக் குந்தினார். போகிற வருகிற இத்தாலியர்கள் யாரோ காவலாளி என்று வணக்கம் சொன்னார்கள். மேலே இருந்து மனைவியின் சிரிப்பு மாடிப்படி வழியே இறங்கி வந்தது. கரண்ட் நிற்கவில்லை.

மெசின் அடுத்த மாரியில் நின்றது. கரண்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆஸ்பத்திரிக்காரர் வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சத்தமில்லாத வீட்டில் இருக்கப் பிடிக்காமல் மீற்றர் என் கடையில் வந்து இருப்பார். வருகிற பில்லைப் பிரித்தும் பாரார். ஆளை எப்படியாவது பழைய ஆளாக்க வேண்டும் என்று நானே கதையைத் தொடங்கினேன்.

"ஐசே, கொம்பனி ஒண்டு மலிவாய்க் குடுக்குதாம். போனைத் தாரும், பாப்பம்."

தந்தார். ஊர், வீடு, பிரிட்ஜ் எல்லாம் போட்டேன். வீட்டில் எத்தனை பேர் என்று வந்தது. ஒன்று என்று அழுத்தினேன்.

மீற்றர் குனிந்து பார்த்தார். விரலை நீட்டி ஒன்றை இரண்டாக்கினார்.

"பிழையான விலையெல்லே வரப்போகுது?"

"வரட்டும் அண்ணை."

நான் வாயால் வாழ்ந்தவன். எவன் பிழை விட்டாலும் அந்த இடத்திலேயே பிடிப்பேன். அன்றைக்கு இரண்டு பேருக்கான விலையை அவருக்குச் சத்தமாய் வாசித்துக் காட்டினேன்.