அத்தை கொடுத்த கொத்தமல்லி

"ஏங்க, அத்தையும் மாமாவும் ஸ்டேஷன்ல இறங்கிட்டாங்களாம்! இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துருவாங்க!"

போனை வைத்த மருமகள் சமையலறை ஜன்னலைப் பார்த்தாள். அங்கே தொட்டி இருந்தது, தொட்டியில் மண் இருந்தது, செடிதான் இல்லை.

கல்யாணமான புதிதில் மாமியார் இவளிடம் "சாப்பிட்டியா?" என்பதற்கு மேல் பேசியதில்லை. ஊருக்குக் கிளம்பும்போது, தன் கையால் நட்ட கொத்தமல்லித் தொட்டி ஒன்றை இவளிடம் நீட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து தினமும் போன். "செடி எப்படி இருக்கு?" என்று தொடங்கி ஊர்க்கதை எல்லாம் பேசுவார். செடியோ வந்த வாரமே மண்டையைப் போட்டது. சொன்னால் பேச்சு நின்றுவிடுமோ என்று பயந்து, "காடா வளந்திருக்கு அத்தை" என்று அளந்துவிட்டாள். தாயில்லாத பெண். அந்தப் போனை இழக்க மனசு வரவில்லை.

"காடுன்னு எதுக்குடி சொன்னே? ஏதோ இருக்குன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றான் கணவன். லிஃப்ட் மெக்கானிக். கடைக்கு ஓடி ஒரு பெரிய கட்டு கொத்தமல்லி வாங்கி வந்தான். மருமகள் அவசரமாக மண்ணில் செருகினாள். செருகிய வேகத்திலேயே அது சாய்ந்து படுத்துக்கொண்டது.

"ஃபேனைப் போடு. காத்துப் பட்டா எழுந்துக்கும்."

"மயக்கம் போட்ட ஆளாங்க அது?"

போட்டார்கள். கொத்தமல்லி எழவில்லை. மண்தான் எழுந்து, அடுப்பிலிருந்த பாலில் போய் விழுந்தது.

"நகரு. லோடு தாங்கணும்னா நாலு பக்கமும் முட்டுக் கொடுக்கணும்." பல்குத்தும் குச்சிகளை அவன் சுற்றிலும் நட்டான். கொத்தமல்லி போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக நின்றது.

அழைப்பு மணி அடித்தது.

மாமியார் கைப்பையைக்கூட இறக்காமல் நேரே சமையலறைக்குள் வந்தார். தொட்டியைப் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"நிஜமாவே வளந்திருக்கே! உனக்கு ராசியான கைம்மா."

"எல்லாம் நீங்க கொடுத்ததுதான் அத்தை."

"நாலு இலை கிள்ளிக்கிறேன்."

"ஐயோ, வேணாம் அத்தை! இப்பத்தான் மருந்து அடிச்சேன்!"

"சாப்பிடற இலைக்கு மருந்தா? இதைத்தான் என் பிள்ளைக்குப் போடறியா?"

கணவன் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"மருந்துன்னா... மோர் அத்தை. வெறும் புளிச்ச மோர்."

"மோர்தானே? கழுவினாப் போச்சு."

மாமியார் கிள்ளினார். நாலு இலைக்குப் பதிலாக மொத்தக் கொத்தமல்லியும் குச்சிகளோடு கையில் வந்தது. அடியில், சிவப்பாக ஒரு ரப்பர் பேண்ட்.

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சிருங்க அத்தை. நீங்க கொடுத்தது அப்பவே செத்துப்போச்சு. சொன்னா போன் பண்றதை நிறுத்திடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

மாமியாரின் முகம் ஏனோ சிவந்தது. கூடத்தில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மாமனார் எட்டிப் பார்த்தார்.

"நீ ஏம்மா அழறே? உங்கிட்ட பேச ஒரு சாக்கு வேணும்னு இவ அன்னிக்கு நட்டுக் கொடுத்ததும் கடைக் கட்டுதான். என்ன, இவ ரப்பர் பேண்டைக் கழட்டிட்டு நடுவா!"