நிழல் காணாமல் போகும் நேரம் 11.42

எனக்குக் கணக்கு வராது. இது ஊருக்கே தெரியும். இருந்தும் பிளஸ் டூவில் தட்டுத்தடுமாறிப் பாஸாகி, திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் சேர்ந்தேன். வானத்தைப் பார்த்தாலே எனக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். அந்தக் கிறுக்குக்குள் இம்புட்டுக் கணக்கு ஒளிந்திருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

முதல் செமஸ்டரிலேயே கணக்கில் அரியர். ரெட்டியார்சத்திரம் பக்கம் மல்லித் தோட்டம் வைத்திருந்த அப்பா, "வராததப் புடிச்சு ஏன் இழுக்குற? ஜூன்ல பி.ஏ.வுக்கு மாறிரு" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் வகுப்பில் அதைச் சொன்னார்கள். வருஷத்தில் இரண்டு நாள் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருமாம். நட்டு வைத்த கம்புக்கு நிழலே இருக்காதாம்! எனக்குச் சோறு இறங்கவில்லை. சித்திரையில் வரும் நாளைப் பேராசிரியரே சொல்லிவிட்டார். நேரத்தை மட்டும் அவரவர் ஊருக்குக் கணக்குப் போட வேண்டும். போட்டேன். 11.42! (திருத்த ஆளில்லாத விடைக்குத்தான் என்ன ஒரு அழகு.)

"அப்பா, வந்து பாருங்க. நெழலு போகலேன்னா நானே பி.ஏ.வுக்குப் போறேன்" என்று பந்தயம் கட்டினேன். அதோடு விட்டேனா? காதுகுத்துக்குச் சொல்வது போல வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஊர்ப் பொட்டலில் அம்மாவின் உலக்கையை நேராக நட்டேன். தலையில் துண்டோடு கூட்டம் சூழ்ந்தது. மணி 11.42. ஒரு சாண் நிழல் சொகுசாகப் படுத்திருந்தது.

"ஏம்மா, ஒன்னய மாதிரியே சூரியனுக்கும் கணக்கு வரலயோ?" என்றார் பெரியப்பா.

கூட்டம் சிரித்துக்கொண்டே சாப்பிடக் கலைந்தது. அப்பாவும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர்களோடு நடந்தார். அதுதான் தாங்கவில்லை, அழுதுவிட்டேன்.

நான் அழுது ஓயும்வரை அம்மா மட்டும் நின்றாள். (பாசமெல்லாம் இல்லை, உலக்கை அவளுடையது.) அவள் பிடுங்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். சாணாக இருந்த நிழல் விரலளவாகச் சுருங்கியிருந்தது.

"செத்த நேரம் இரும்மா!"

பளிச்சென்று உறைத்தது. கடிகாரம் காட்டுவது கிழக்கே வேறொரு இடத்து நேரம். அங்கே உச்சிக்கு வந்த சூரியன் நம்மூர் உச்சிக்கு வரப் பதினெட்டு நிமிஷம் ஆகும். பன்னிரண்டோடு பதினெட்டைக் கூட்ட வேண்டிய மகராசி, கழித்திருக்கிறேன்!

12.18. உலக்கை நின்றது, நிழல் இல்லை.

"ஏ புள்ள, நெழலு எங்க போச்சு?" அம்மா போட்ட கூச்சலில் அப்பா ரசம் வழியும் கையோடு ஓடி வந்தார். உலக்கையைச் சுற்றிச் சுற்றி வந்தார். தன் காலடியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். நான் குதித்துக்கொண்டிருந்தேன்.

"கணக்கு தப்பு. ஆனா நெழலு போனது நெசம்" என்றார் கடைசியில். "படி ஆத்தா."

மூன்றாவது தடவை எழுதி அந்த அரியரை முடித்தேன். இன்று நான் பள்ளியில் இயற்பியல் டீச்சர். ஆனாலும் நான் சொல்லும் எந்த நேரத்தோடும் முப்பத்தாறு நிமிஷம் கூட்டிக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. "ஆறு மணி பஸ்ஸுல வாரேன்" என்றால் அப்பா 6.36க்குத்தான் பஸ் ஸ்டாப்புக்கு வருவார்.

எரிச்சல் என்னவென்றால், பஸ்ஸும் அப்போதுதான் வருகிறது.