ஷொக் சேருக்குச் சுகதேகிகள் தேவை

வன்னியிலேயே நோயாளிகளைத் துரத்திவிட்ட ஒரே ஆஸ்பத்திரிக்காரர் எங்கள் ஷொக் சேர்தான். கண்டாவளைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவர் கைகால்களுக்குக் கரண்ட் பிடித்துப் பயிற்சி கொடுப்பவர்; அதனால்தான் அந்தப் பெயர். நான் அங்கே நோயாளிகளுக்கு நம்பர் துண்டு எழுதும் கிளார்க்.

ஒருநாள் பல்கலைக்கழகக் கம்பஸிலிருந்து மூன்று மாத இரவலாக ஒரு மெசினைக் கொண்டுவந்தார். சுட்டுவிரல் தோலில் மெல்லிய கரண்ட் கொடுத்தால், நாம் நினைக்கும் முன்பே கைத்தசை தானாகப் பதில் சொல்லுமாம். மெசின் அதைக் கோடாக வரையும். சுகமான கை எப்படிப் பதில் சொல்கிறது என்று தெரிந்தால்தான் பழுதான கையைக் கண்டுபிடிக்கலாம். ஆகவே முப்பது சுகதேகிகள் தேவை என்று கதவில் ஒட்டினார்.

மெசினில் கை வைத்தால் வாதம் மாறும் என்று ஊரில் கதை பரவிவிட்டது. தூரத்துத் துணுக்காயிலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். சேர் ஒவ்வொருவராய் விசாரித்தார்.

"உங்களுக்கு என்ன வருத்தம், ஐயா?"

"முழங்கால் உளைவு, சீனி, பிரஷர்."

"அப்ப போயிட்டு வாங்கோ. வருத்தம் இல்லாத ஆக்கள்தான் வேணும்."

"வருத்தம் இல்லாட்டி நான் ஏன் தம்பி ஆஸ்பத்திரிக்கு வாறன்?"

கடைசியில் கன்ரீன் நடத்தும் புஷ்பம் அக்கா வந்து அமர்ந்தார். அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. வாய்க்கு ஓய்வும் இல்லை. ஒரு பந்தை மெல்ல அழுத்தியபடி பத்து நிமிடம் அசையாமல் இருக்கவேண்டும். மருமகளைப் பற்றித் தொடங்கியதும் கோடு மலையேறியது.

"அக்கா, கையை ஆட்டாதேங்கோ."

"ஆட்டாமல் எப்பிடிக் கதைக்கிறது, சேர்? நீங்கள் கதையுங்கோ, நான் கேட்டுக்கொண்டு இருக்கிறன்."

சேரோ தன்னைப் பற்றி வாய் திறக்காத மனிதர். வேறு வழியின்றி, மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் எடுக்கப் போய் ஆறு தரம் தோற்ற கதையைத் தொடங்கினார். முதல் பகிடியிலேயே அக்கா குலுங்கிச் சிரிக்க, கோடு நாசம். அதன்பின் பகிடிக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்திவிடுவார். அடுத்தது என்ன என்ற ஏக்கத்தில் கை கல்லாய்க் கிடக்கும். கோடு அழகாய் விழும். அக்கா கன்ரீனில் சொல்லிவைக்க, மிச்சக் கதை கேட்கவே அயலில் உள்ள சுகதேகிகளெல்லாம் வந்தார்கள். முப்பதாவது ஆள் நான். ஆறாம் தரம் பரிசோதகர் சேருக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்த இடத்தில் கதை நின்றது. அன்று பின்னேரமே மெசின் கம்பஸுக்குத் திரும்பியது.

மறுநாள் புஷ்பம் அக்கா தேத்தண்ணியோடு வந்து அதே கதிரையில் இருந்தார்.

"மெசின் போயிட்டுது, அக்கா."

"போகட்டும். அந்த மோட்டார் சைக்கிள் எங்கை போனது?"

சேர் சிவந்துபோனார்.

"வாய்க்காலுக்குள்ளை. ரெண்டு பேரும்தான்."

கையை ஆட்டி ஆட்டிச் சிரித்தோம். சேரும் சிரித்தார், அதை அன்றுதான் பார்த்தேன். வெளியே துண்டுக்குக் கியூ நீண்டுகொண்டிருந்தது. எனக்கு எழும்ப மனம் வரவில்லை.