சப்பாத்திக்கல்லில் ஒரு சில்லு

இந்தக் கோடையிலும் ஏ.சி. வாங்குவதில்லை என்று வெங்கடநாராயணன் சபதம் செய்த மறுநாளே, வங்காளத்து பெஹாலா வீட்டின் படுக்கையறை மின்விசிறி நின்றுபோயிற்று. சபதங்களைக் கண்டால் சாதனங்களுக்கு ஆகாது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சுத்தினா ஃபேன். சுத்தலேன்னா ஏ.சி. ஒத்துக்கறேளா?" என்றாள் மனைவி சுலோசனா.

"ஒத்துக்கறேன்."

அலிப்பூர் அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை அவர் எதையும் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதில்லை.

விசிறியைக் கழற்றினார். ரிமோட்டின் சொல் கேட்கும் குட்டி மின்சுற்றுப் பலகையில் எள்ளளவு சில்லு ஒன்று கருகிக் கிடந்தது. எள்ளளவு என்பது உவமை அல்ல. எள்ளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டே பார்த்தார். உள்ளூர் சாந்தினி சௌக் கடைத்தெருவில் புதுச் சில்லும், அதை ஒட்ட ஈயப் பசையும் கிடைத்தன. சூடாக்கும் கருவி? அதுதான் அடுக்களையிலேயே இருக்கிறதே!

"சுலோ, தோசைக்கல்லைக் கொஞ்சம் குடு."

"எதுக்கு?"

"ஈயம் உருக்க."

"என் தோசைக்கல்லைத் தொட்டா உங்களை உருக்கிடுவேன்! பழைய சப்பாத்திக்கல் ஒண்ணு இருக்கு, எடுத்துக்கோங்கோ. ஆனா அது திரும்ப அடுக்களைக்கு வரப்படாது. ஈயம் விஷம்."

"ஈயச் சொம்புல ரசம் வெக்கறியே?"

"அது வெள்ளீயம். இதுல காரீயமும் இருக்கு. இவ்வளவு படிச்சவருக்கு நான் சொல்லணுமா?"

பல் குத்தும் குச்சியால் பசையைத் தடவினார். அவளுடைய புருவம் திருத்தும் இடுக்கியால் சில்லை எடுத்து வைத்தார். காற்றடித்தால் பறந்துவிடும் என்று ஜன்னல்களைச் சாத்தினார். பலகையைச் சப்பாத்திக்கல்லில் வைத்து அடுப்பைப் பற்றவைத்தார். இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள்.

சாம்பல் நிறப் பசை முதலில் வியர்த்தது. பிறகு சட்டென்று கண்ணாடியாய் மின்னியது. கோணலாகக் கிடந்த சில்லு தானாகவே நகர்ந்து, மணையில் மாப்பிள்ளை போல நேராக உட்கார்ந்துகொண்டது.

"யாரு தள்ளினா?" சுலோசனா வாய் பிளந்தாள்.

"யாரும் தள்ளலை. உருகின ஈயமே இழுத்து உக்கார வெச்சுடும்."

"இன்னொரு தரம் பண்ணுங்கோளேன்!"

பலகை ஆறியது. விசிறி ஏறியது. ரிமோட்டை அழுத்தினார், சுற்றியது! அன்று சனிக்கிழமைதான்.

"இனிமே ஏ.சி. பேச்சே கூடாது," என்றார் சட்டையைப் பிழிந்தபடி. "அப்பப்பா, செத்த நாழி நின்னதுக்கே உசிரு போயிடுத்து. அந்த அடுக்களையில மனுஷா நிப்பாளா?"

சுலோசனா போனை எடுத்து வங்காள மொழியில் ஏதோ சொன்னாள்.

"யாருக்கு போன்?"

"கரண்ட் மிஸ்திரி ராகுலுக்கு. ஃபேனை அடுக்களைக்கு மாத்தணும். மனுஷா நிக்க முடியாதுன்னு நீங்களே சொல்லிட்டேளே."

"அடுப்பு அணைஞ்சுடுமே!"

"மெதுவா வெச்சுக்கறேன். ரிமோட்டைத்தான் இவ்வளவு நன்னா ரிப்பேர் பண்ணிக் குடுத்திருக்கேளே!"

"அப்போ படுக்கையறைக்கு?"

"அதைத்தான் கேக்கலாம்னு இருந்தேன். ஏ.சி.யை எந்தச் சுவத்துல மாட்டறது நல்லது?"

கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் பதில் சொல்லாமல் இருக்க வெங்கடநாராயணனுக்குத் தெரியாது.

"மேற்குச் சுவர் வெயில்ல கொதிக்கும்," என்றார். "கிழக்குதான் சரி."