யமுனா சொல்ல நான் எழுதிய பரீட்சை

எழுதுவதற்கு உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், ஒன்றும் இல்லை என்பதுதான் என் பதில். நான் பிளஸ் டூ படித்த தையற்காரி. ரவிக்கை அளவுச் சீட்டை விட நீளமாக எதையும் எழுதிப் பழக்கமில்லை. சேர்ந்தாற்போல் நாலு பேர் வந்தால் மிஷினை நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுகிற சுபாவம் வேறு. (நான் திரும்பி வருவதற்குள் அவர்கள் அடுத்த தெரு டெய்லரிடம் போயிருப்பார்கள்.) அப்படிப்பட்டவள் இத்தனை பேர் முன்னால் வந்து நிற்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாற்பத்தாறு வயதில் முதல் முறையாக ஒரு கல்லூரிக்குள் கால் வைத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குள் முறைகேட்டில் மாட்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு வேங்கிக்காலில், புதிதாக வந்த ஒரு தெருவில் இருக்கிறது. மாடி அறையில் மூன்று கல்லூரிப் பெண்கள் வாடகைக்கு இருந்தார்கள். அவர்களில் யமுனா பி.ஏ. வரலாறு, கடைசி வருஷம். அவளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. பரீட்சையில் அவள் வாயால் சொல்லுவாள், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதுவார். அந்த ஆளை ஸ்க்ரைப் என்பார்கள். வழக்கமாக வரும் பள்ளிக்கூடப் பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. விடிந்தால் பரீட்சை. அதில் தேறினால்தான் பி.எட். சேர முடியும்.

சாயங்காலம் யமுனா படியிறங்கி வந்து என் மிஷின் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, நீங்க என்னா படிச்சிருக்கீங்க?"

"பிளஸ் டூ."

"பாஸா?"

"பாஸ்தான்."

"டிகிரி கிகிரி எதுனா மறைச்சு வெச்சிருக்கீங்களா? தபால்ல படிச்சேன், அதுல படிச்சேன்னு?"

"இல்லம்மா."

"அப்பாடா. நீங்கதான்க்கா வேணும்."

ஸ்க்ரைப், மாணவியை விடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்பது விதியாம். எங்கள் தெருவில் வாத்தியார், தாசில்தார் ஆபீஸ், பேங்க் என்று எல்லாரும் டிகிரிக்காரர்கள். கூட இருக்கும் பெண்கள் அவள் வகுப்பு. மிச்சம் இருந்தது நானும் என் வீட்டுக்காரரும்தான். அவர் எட்டாவது. ஆட்டோ ஓட்டுகிறார். அவர் கையெழுத்தை அவராலேயே மறுநாள் படிக்க முடியாது.

"உன் படிப்பு எதுக்குதான் ஒதவும்னு இத்தினி வருஷமா பாத்துனு இருந்தேன்," என்றார் அவர். "கம்மியாப் படிச்சதுக்குக் கூப்புடுறாங்க பாரு. போய்ட்டு வா."

மறுநாள் காலை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். (கல்லூரிக்கு என்ன கட்டுவது என்று எனக்கு யார் சொன்னார்கள்?) மாற்றுத்திறனாளி மாணவர்களைக் கவனிக்கும் மேடம் ஒருவர் என் மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்து, "ரொம்ப நல்லது" என்றார். அந்த மார்க் ஷீட்டைப் பார்த்து அப்படிச் சொன்ன முதல் மனுஷி அவர்.

பிறகு விதிகளை வாசித்தார். நான் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். யமுனாவுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். படி ஏறாமல் தரைத் தளத்தில் அறை. மற்றவர்களுக்கு அவள் குரல் தொந்தரவாக இருக்கக் கூடாது, அவளுக்கும் மற்றவர்கள் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று தனி அறை. சுவரில் பார்த்தால், மயக்கம் வந்தால் எங்கே போவது, யாராவது கேலி செய்தால் யாரிடம் சொல்வது, தீப்பிடித்தால் எந்த வாசல் என்று வரிசையாகப் பலகைகள். யாரோ ஒருவர் உட்கார்ந்து, இந்தப் பிள்ளைகளுக்கு என்னென்ன கஷ்டம் வரும் என்று ஒவ்வொன்றாக யோசித்திருக்கிறார். என் வகுப்பிலும் கண் சரியாகத் தெரியாத ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு எங்கள் பள்ளிக்கூடம் செய்த ஏற்பாடு, ஆறாவதோடு வீட்டுக்கு அனுப்பியதுதான்.

"அவங்க சொல்றத மட்டும் எழுதணும். கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது. புரியுதா?" என்றார் மேடம்.

தலையாட்டினேன்.

பரீட்சை ஆரம்பித்தது. கேள்வித்தாளை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள் யமுனா. பிறகு சொல்ல ஆரம்பித்தாள். அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. எங்கே கமா, எங்கே புதுப் பத்தி, எந்த வார்த்தைக்கு அடியில் கோடு, எல்லாம் குரலிலேயே வந்தது. நான் ஒரு பக்கத்தைத் திருப்பிய பிறகு, "அக்கா, முன்பக்கத்துல ரெண்டாவது பாரா 'ஆனால்'னு ஆரம்பிக்குதில்ல, அந்த ஆனாலை அடிச்சுடுங்க" என்றாள். திருப்பிப் பார்த்தேன். இருந்தது. அந்தத் தாள் என் கையில் இருந்ததை விட அவள் தலைக்குள் தெளிவாக இருந்தது.

தாது வருஷப் பஞ்சம் பற்றி ஒரு கேள்வி. ஊரை விட்டு நடந்தவர்கள் சாலை ஓரத்தில் விழுந்ததை அவள் சொல்லச் சொல்ல, நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் நீங்க எழுதணும்க்கா."

இந்த நேரத்தில்தான் அறையைக் கவனித்துக்கொண்டிருந்த மிஸ் கூடுதல் தாள் கொடுக்க வந்தார். எழுதிய பக்கங்களைப் பார்த்தார். ஒன்றைத் திருப்பினார், இன்னொன்றைத் திருப்பினார். அவர் முகம் மாறிவிட்டது.

"இது என்ன, ஒவ்வொரு பக்கத்துலயும்?"

பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம், உச்சியில், நட்ட நடுவில், அழகாக ஒரு பிள்ளையார் சுழி.

சத்தியமாக எனக்குத் தெரியாது. மளிகைச் சீட்டு, பால் கணக்கு, ரவிக்கை அளவு, எதை எழுதினாலும் என் கை முதலில் அதைப் போட்டுவிட்டுத்தான் என்னிடம் வரும். விடைத்தாளில் சாமி பெயர், சாமிக் குறி, எந்த அடையாளமும் இருக்கக் கூடாதாம். திருத்துகிறவருக்கு ரகசியமாக ஆளைக் காட்டிக்கொடுக்கும் முறைகேடாக அதை எடுத்துக்கொள்வார்களாம். அந்தப் பரீட்சையே ரத்தாகலாம் என்றார் மிஸ். பிள்ளையார் ஒரு படிப்பைக் கெடுப்பதை முதலில் பார்த்தவள் நான்தான்.

எங்கள் இருவரையும் விடைத்தாளோடு தேர்வுக் கண்காணிப்பாளர் அறைக்கு அழைத்துப் போனார்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

யமுனா காதருகில் குனிந்து, "சார்கிட்ட சொல்லும்மா, தப்பு என்னுதுன்னு" என்றேன்.

"அக்கா, அவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது," என்றாள் யமுனா. பிறகு அவர் தாள் புரட்டும் சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். "சார், நான் சொல்றத மட்டுந்தான் ஸ்க்ரைப் எழுதணும்னு ரூல். நான் சுழின்னு சொல்லவே இல்ல. நான் சொல்லாதது பேப்பர்ல இருந்தா அது என் தப்பான்னு பாத்துச் சொல்லுங்க."

அவள் விரல்கள் துப்பட்டா நுனியைப் பிசைந்துகொண்டிருந்தன. குரலில் மட்டும் ஒரு நடுக்கம் இல்லை. எனக்கு அவளைப் போல் இரண்டு மடங்கு வயசு. அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"நீ சொல்றது சரிம்மா," என்றார் அவர். "ஆனா நீ சொல்லித்தான் அவங்க போட்டாங்களான்னு பல்கலைக்கழகத்துல கேப்பாங்க. பழக்கத்துல வந்துச்சுன்னு நான் எதை வெச்சுக் காட்டுறது?" என் பக்கம் ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார். "நடந்ததை உங்க கையால எழுதிக் குடுங்க."

எழுதினேன். மதிப்பிற்குரிய ஐயா என்று ஆரம்பித்து, இந்தப் பெண் ஒரு பாவமும் அறியாதவள், என் கையை நம்பி வந்தவள், தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்கள் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

அவர் வாங்கினார். முதல் வரிக்கே போகவில்லை. தாளின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இன்னாம்மா?"

எட்டிப் பார்த்தேன். மதிப்பிற்குரிய ஐயாவுக்கு மேலே, நட்ட நடுவில், அதே சுழி.

மிஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. "என்னா ஆச்சு? யாராவது சொல்லுங்களேன்," என்றாள் யமுனா. கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இதுக்கு மேல எனக்கு ஆதாரம் வேணாம்," என்றார். விடைத்தாளில் இருந்த ஒவ்வொரு சுழியையும் சிவப்பு மையால் அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். என் கடிதத்தை மட்டும் அடிக்காமல் அப்படியே அறிக்கையோடு சேர்த்தார். "மேல எழுதி அனுப்புறேன். பாப்போம்."

கிளம்பும்போது யமுனா நின்றாள். "சார், இங்க போன நேரம்?"

"சேத்துத் தரச் சொல்றேன். போய் எழுது."

பஞ்சத்தில் எந்த வாக்கியத்தில் விட்டோமோ, அதே வாக்கியத்தின் பாதியிலிருந்து அவள் மறுபடி சொல்ல ஆரம்பித்தாள். முறைகேடு இல்லை என்று பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. யமுனா இப்போது பி.எட். படிக்கிறாள்.

என் வீட்டில் இன்னும் முடியவில்லை. மளிகைச் சீட்டு எழுதிக் கொடுத்தால் வீட்டுக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "சாரு செவப்பு இங்க்ல கையெழுத்துப் போட்டாரா? இல்லன்னா கடைக்காரன் ஒத்துக்க மாட்டான்" என்பார். விருந்தாளி வந்தால் முழுக் கதையும் உண்டு. நான் உள்ளே போய்விடுவேன்.

அந்தப் பரீட்சைக்கு மறுநாளும் ஒரு பரீட்சை இருந்தது. யமுனா வேறு ஆள் தேடவில்லை. நானே போய் எழுதினேன்.