காதால் சமைத்த பாங்காக் அண்ணை

கையால் சமைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வாயால் சமைப்பவர்கள் எங்கள் குடும்பத்திலேயே நாலு பேர் இருக்கிறார்கள். காதால் சமைத்தவர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் பாங்காக் அண்ணை. லண்டனில் குரோய்டன் பகுதித் தமிழ்க் கடைக்காரர்கள் வைத்த பெயர் அது. சொந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை.

ஆபீஸ் என்னை ஐந்து மாத வேலையாக லண்டனுக்கு அனுப்பியிருந்தது. ஹரோவில் ஒரு அறை. சனிக்கிழமையானால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். 'சந்தைச் சுற்றுலாவும் தாய்லாந்துச் சமையல் வகுப்பும்' என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ஊர் சுற்றின மாதிரியும் ஆச்சு, சாப்பிட்ட மாதிரியும் ஆச்சு என்று பதிவு செய்துவிட்டேன்.

சந்தை முனையில் மீசைக்கு மை பூசிய ஐம்பது வயதுக்காரர் ஒருவர் நின்றார். நல்ல ஆடி மாத வெயிலில் கம்பளித் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டிருந்தார். வெள்ளைக்காரர்கள் ஆறு பேர், நான் ஏழாவது. ஒரு கிழங்கைக் கையில் எடுத்து அதனிடம் ஏதோ முணுமுணுத்தார். தாய்லாந்து மொழியாக்கும் என்று அவர்கள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு சொல் விடாமல் புரிந்தது.

"சின்னவன், இது இஞ்சி மாதிரியெல்லோ கிடக்கு. இதைத்தானோ சொன்னனீ? கெதியாச் சொல்லடா, எல்லாரும் பாக்கினம்."

எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அவர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"நீர் தமிழோ?"

"ஆமாங்க. சென்னை."

"அம்மாளே! தம்பி, வாயைத் திறந்திடாதையும். உமக்கு ரெண்டு பங்கு சாப்பாடு தாறன்."

தொப்பிக்குள்ளே, காதில் ஒரு கருவி. அதன் மறுமுனையில், பாங்காக்கில், அவருடைய தம்பி. இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்பி, ஏஜென்டை நம்பி, பாங்காக்கில் மூன்று வருடம் மாட்டிக்கொண்டவர்கள். ஒரு சாப்பாட்டுக் கடையில் தம்பி சமையல் கற்றுக்கொண்டான், அண்ணை பாத்திரம் கழுவினார். ஏஜென்ட் கடைசியில் ஒரே ஒரு பாஸ்போர்ட்டோடு வந்தபோது தம்பி அதை அண்ணனின் பக்கம் தள்ளிவிட்டான். அண்ணன் முன்னால் லண்டன் போய்த் தம்பியையும் அங்கே வரவழைப்பதாகப் பேச்சு. பத்து வருடம் ஓடிவிட்டது. தம்பி இன்னும் காகிதம் எதுவும் இல்லாமல் அதே அடுப்படியில் நின்றான். எந்த நிமிடமும் போலீஸ் பிடிக்கலாம். சனிக்கிழமை அவன் குரல் காதில் விழுந்த பிறகுதான் அண்ணைக்கு மூச்சே சீராகும். வகுப்பு அதற்கொரு சாக்கு என்று எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது. அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் நான் தவறவில்லை.

அவர் நடத்திய சுற்றுலா வேறு எங்கும் கிடைக்காது. காய்கறி வாங்கி முடிந்ததும் ட்ராம் பாதையைத் தாண்டிப்போய் ஒரு பெரிய கட்டடத்தின் முன்னால் எல்லோரையும் நிறுத்துவார். விசா, அகதி விவகாரம் எல்லாம் பார்த்த கட்டடம். வெள்ளைக்காரர்கள் அதையும் படம் எடுத்துக்கொள்வார்கள். இதற்கும் சமையலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு அம்மாள் கேட்டார். "கோழியை அரை மணித்தியாலம் ஊறவைக்க வேணும். என்னை இங்கதான் ஊறவைச்சவை" என்று எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, அவருக்கு ஆங்கிலத்தில் "வரலாறு" என்றார்.

வகுப்பு ஒரு தேவாலய மண்டபத்தின் சமையலறையில் நடக்கும். அண்ணை ருசி பார்த்துத் தம்பிக்கு ஒப்பிப்பார். "புளி தூக்குதடா... பனங்கட்டியோ? எவ்வளவு?" கோட்டுப் பையில் யாழ்ப்பாணத்துக் கறித்தூள் டப்பா ஒன்று, அவர் பாஷையில் பேணி, தயாராக இருக்கும். கை மெல்ல அங்கே போகும். "இல்லையடா, நான் பேணியைத் திறக்கேல்லை... சரி, சரி, மூடுறன்." பாங்காக்கிலிருந்து மூடிச் சத்தத்தைக் கண்டுபிடித்துவிடுகிறவன்!

அப்புறம் ஒரு சனிக்கிழமை, எலுமிச்சைப்புல்லைக் கையில் வைத்துக்கொண்டு, "சின்னவன்... சின்னவன்..." என்று அண்ணை கூப்பிட்டுக்கொண்டே நின்றார். பதில் இல்லை. ஒரு பெண் அந்தப் புல்லைக் காட்டி, "சின்னவன்" என்று நல்ல உச்சரிப்போடு சொல்லிப் பழகினாள்.

பாங்காக் சாப்பாட்டுக் கடை முதலாளியிடமிருந்து செய்தி வந்தது. தம்பியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

அண்ணை அன்றைய வகுப்பை நிறுத்தவில்லை. சமைத்தார், பரிமாறினார். அடுத்த வாரம் பாங்காக்குக்குச் சுற்றுலா போகிற ஒரு ஜோடி, அங்கே எந்தக் கடையில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று கேட்டது. அவர்களுக்கு டிக்கெட் எடுத்தால் போதும். அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீரே தம்பி? அவன்ர சமையல் எல்லாருக்கும் வேணும். அவன் ஒருத்தருக்கும் வேண்டாம்."

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் ஆறவில்லை. அதோடு வகுப்பும் நின்றது.

ஊர் திரும்பும்போது, தம்பியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பாங்காக் வழியாக டிக்கெட் போட்டேன். என் பாஸ்போர்ட்டை யாரும் தடுக்கப் போவதில்லை. அண்ணை தன் அகதிக் காகிதத்தோடு அங்கே போனால் திரும்பி வர முடியுமா என்பது அவருக்கே தெரியாது. வழியனுப்பும்போது ஒன்றுதான் கேட்டார்: "வகுப்பு நல்லா நடக்குதெண்டு சொல்லும். நிப்பாட்டினது தெரிஞ்சால் உடைஞ்சுபோவான்."

தடுப்பு முகாமில் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசினார்கள். அண்ணையின் மூக்கை வைத்துத்தான் தம்பியை அடையாளம் கண்டேன்.

"அண்ணை ஒழுங்காச் சமைக்கிறாரோ?" இதுதான் அவனுடைய முதல் கேள்வி.

"பிரமாதமா! கூட்டம் ஹால் கொள்ளல."

அவன் முகம் மலர்ந்தது. "இங்க சாப்பாடு நல்லம் எண்டு சொல்லுங்கோ. நான் கொழுத்துப்போனன் எண்டும் சொல்லுங்கோ." இதைச் சொல்லும்போது அவனுடைய ஒரு கை, இடுப்பில் நிற்காத கால்சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

விமான நிலையத்திலிருந்து லண்டனுக்குப் போன் போட்டேன். "உங்க தம்பி நல்லா குண்டாயிட்டாண்ணே."

"மெய்யாவோ?" என்றார் அண்ணை. நாலு தடவை கேட்டார். நாலு தடவையும் சொன்னேன். நாற்பது தடவை கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்.